கீட்டோன் ஸ்ட்ரிப்: எச்சரிக்கைக்குச் சரி, கணக்குப் பார்க்க வேண்டாம்

வீட்டில் இன்சுலின் போட்டுக்கொள்பவர் இருப்பதால் சிறுநீரில் கீட்டோன் (உடம்பு கொழுப்பை எரிக்கும்போது உண்டாகும் பொருள்) பார்க்கும் ஸ்ட்ரிப் டப்பா ஒன்று எப்போதும் கைவசம் இருக்கும். காய்ச்சல், வாந்தி வந்தாலோ சர்க்கரை 240-ஐத் தாண்டினாலோ எடுத்துவிடுவோம். இன்சுலின் பற்றாமல் உடம்பு கொழுப்பை எரிக்கத் தொடங்கிவிட்டதா என்பதை ஊசி குத்தாமலே காட்டிவிடுகிறது, அந்த வேலைக்கு நல்ல பொருள்தான்.

நுனியில் உள்ள சின்னச் சதுரத்தை நனைத்து, சொட்டை உதறிவிட்டு 15 விநாடியில் பார்க்க வேண்டும் (சில கம்பெனிகளுக்கு 40, டப்பாவிலேயே போட்டிருக்கும்). வெளிர் சந்தன நிறம் இளஞ்சிவப்பாகி, கீட்டோன் கூடக்கூடக் கத்தரிப்பூ நிறத்துக்குப் போகும். நேரம் கழித்துப் பார்த்த நிறத்தை நம்பாதீர்கள். 5, 15, 40, 80, 160 என்று கட்டம் போட்டிருக்கிறார்கள், சரி, ஆனால் இரவு விளக்கில் 15-க்கும் 40-க்கும் வித்தியாசம் கண்டுபிடிப்பதற்குள் வீட்டில் ஒரு பட்டிமன்றமே நடந்துவிடும். 5 என்றால் வெறும் வயிற்றில் இருந்தாலே வரலாம், 40-ம் அதற்கு மேலும் என்றால் உடனே டாக்டருக்குப் போன்.

பெரிய குறை வேறு. கீட்டோனில் பல வகை உண்டு, இது அசிட்டோஅசிட்டேட் என்ற வகையை மட்டும்தான் பிடிக்கும். கீட்டோஅசிடோசிஸில் (கீட்டோன் மிதமிஞ்சி ரத்தம் அமிலமாகும் ஆபத்தான நிலை) அதிகமாக ஏறுவது பீட்டா ஹைட்ராக்சிபியூட்டிரேட் என்ற இன்னொரு வகை, அது இதன் கண்ணில் படவே படாது. போதாததற்குச் சிறுநீர் சொல்வது சில மணி நேரத்துக்கு முந்தைய கதை, நிறையத் தண்ணீர் குடித்திருந்தால் நிறமும் வெளிறிவிடும். சிகிச்சையில் ஆள் தேறிவரும்போது இந்த இரண்டாவது வகை அசிட்டோஅசிட்டேட்டாக மாறுவதால் ஸ்ட்ரிப்பின் நிறம் இன்னும் அடர்ந்து பயமுறுத்துவதும் உண்டு. அதனால் வாந்தி, வயிற்றுவலி, மேல்மூச்சு வாங்குதல் இருந்தால் ஸ்ட்ரிப் என்ன சொன்னாலும் ஆஸ்பத்திரிதான். டாபாக்ளிஃப்ளோசின், எம்பாக்ளிஃப்ளோசின் மாதிரி சர்க்கரை நோய் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குச் சர்க்கரை பெரிதாக ஏறாமலே கீட்டோன் ஏறலாம், மீட்டரைப் பார்த்து நிம்மதியாக இருந்துவிடக்கூடாது. கையில் காசு இருந்தால் ரத்தத்தில் கீட்டோன் பார்க்கும் மீட்டரே மேல்: (இதில் அளவு மில்லிமோல்/லிட்டர் கணக்கில்) 0.6-க்குக் கீழே என்றால் கவலையில்லை, 3-ஐத் தொட்டால் அவசரம், நிறத்தை வைத்து வாதாட வேண்டியதில்லை.

எடை குறைக்க டயட்டில் இருந்துகொண்டு தினமும் நிறம் பார்ப்பவர்களுக்கு இது வீண்செலவு.

டப்பா விஷயத்திலும் எனக்கு வருத்தம்தான். மூடியைச் சரியாக மூடாவிட்டால் காற்றும் ஈரமும் பட்டு ஸ்ட்ரிப் வீணாகி, கீட்டோன் இருந்தும் இல்லை என்று காட்டும், வைட்டமின் சி மாத்திரை அதிகம் போட்டாலும் இதே கூத்து. எப்போதாவது தேவைப்படும் பொருளை 50, 100 என்று ஒரே டப்பாவில் அடைத்து விற்றால் பாதி குப்பைக்குத்தான் போகும். தனித்தனி ஃபாயிலில் வருவது கிடைத்தால் அதையே வாங்குங்கள்.