கோவையில் இருந்தபடி கொழிஞ்சாம்பாறை கம்ப்யூட்டரை எழுப்புவது: பழைய ஆர்ச்சர் சி7-ல் ஓபன்டபிள்யூஆர்டி

எனக்கு வேலை கோயமுத்தூரில், வீட்டுப் பிளான் வரைகிற அலுவலகத்தில். வீடு வேலந்தாவளம் செக்போஸ்ட் தாண்டி கொழிஞ்சாம்பாறைப் பக்கம். சைட்டில் நிற்கும்போது யாராவது இரண்டு வருடத்துக்கு முந்தைய பிளானைக் கேட்பார்கள், அது வீட்டு கம்ப்யூட்டரில் கிடக்கும். உடனே அம்மாவுக்கு போன் போடுவேன். தென்னந்தோப்பில் தேங்காய் போடுகிற ஆட்களோடு நிற்பவர் வேலையை விட்டுவிட்டு வீட்டுக்குள் வந்து, "கண்ணு, பொத்தான அமுக்கிட்டேன், லைட்டு ஒண்ணும் எரியலையே" என்பார். பார்த்தால் சுவரில் சுவிட்ச் போட்டிருக்காது. தினம் இதையே செய்யச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

நாள் முழுக்க ஓடவிடலாம்தான். என் மெஷின் சும்மா நின்றாலே 60 வாட் இழுக்கும், மாதத்துக்கு 43 யூனிட், எங்கள் ஊரில் இரண்டு மாதத்துக்கு ஒரு பில் என்பதால் 86 யூனிட் கூடுதல். வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

அணைந்த கம்ப்யூட்டரை நெட்வொர்க் வழியாக எழுப்புகிற வேக் ஆன் லேன் புதிய விஷயம் இல்லை. மேஜிக் பேக்கெட் என்ற உத்தியை ஏஎம்டி 1995-லேயே வெளியிட்டுவிட்டது. கம்ப்யூட்டர் அணைந்திருந்தாலும் நெட்வொர்க் கார்டுக்கு மட்டும் கொஞ்சம் கரண்ட் போய்க்கொண்டிருக்கும். அந்தப் பேக்கெட்டில் முதலில் ஆறு எஃப்எஃப் பைட், அப்புறம் அந்தக் கார்டின் மேக் முகவரி (கார்டுக்கே உரிய அடையாள எண்) 16 முறை, மொத்தம் 102 பைட். இது வந்து சேர்ந்தால் கார்டு போர்டை எழுப்பிவிடும், அவ்வளவுதான். வெளியிலிருந்து அதை வீட்டுக்குள் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் பாடு.

முதலில் இணையக் கம்பெனி கொடுத்த ரவுட்டரிலேயே முயன்றேன். யுடிபி 9-ஆம் போர்ட்டை (ரவுட்டரில் ஒரு வாசல் மாதிரி) கம்ப்யூட்டரின் ஐபிக்கு, அதாவது வீட்டு நெட்வொர்க்கில் அதன் முகவரிக்கு, திருப்பிவிட்டேன். ராத்திரி அணைத்த கையோடு மொபைல் டேட்டாவில் இருந்து அனுப்பிப் பார்த்தேன், எழுந்துவிட்டது, சந்தோஷமாகப் படுத்தேன். மறுநாள் மத்தியானம் ஆபீசிலிருந்து அனுப்பினால் அசைவே இல்லை. நான்கு நாள் இதே கதை. காரணம் ஏஆர்பி. எந்த ஐபி எந்த மேக் முகவரிக்கு உரியது என்பதை ரவுட்டர் கொஞ்ச நேரம்தான் நினைவில் வைத்திருக்கும். மறந்தபின் 'இந்த ஐபி யாருடையது' என்று கேட்கும், தூங்குகிற மெஷின் எப்படிப் பதில் சொல்லும்? எல்லோருக்கும் பொதுவான 255-இல் முடியும் முகவரிக்குத் திருப்பலாம் என்றால் அந்த ரவுட்டர் ஏற்கவில்லை. அதில் ஒரு நியாயம் இருக்கிறது, ஒரே பேக்கெட்டால் பல மெஷின்களின் பதிலை ஒருவர் தலையில் கொட்டவைக்கும் ஸ்மர்ஃப் தாக்குதல்களைத் தடுக்க, வெளியிலிருந்து வரும் பிராட்காஸ்டை (எல்லோருக்கும் பொதுவாக அனுப்புவதை) ரவுட்டர்கள் தாமாக உள்ளே விடக்கூடாது என்று 1999-லேயே விதியை மாற்றிவிட்டார்கள்.

ஆக, வெளியிலிருந்து பேக்கெட்டைத் தள்ளுவது சரிப்படாது, வீட்டுக்குள் எப்போதும் விழித்திருக்கிற ரவுட்டரே அதை அனுப்ப வேண்டும். இது புரிந்த பிறகுதான் செகண்ட் ஹேண்டில் டிபி-லிங்க் ஆர்ச்சர் சி7 என்ற ரவுட்டரின் இரண்டாம் பதிப்பை வாங்கி, ஓபன்டபிள்யூஆர்டி என்ற இலவச ரவுட்டர் மென்பொருளை ஏற்றினேன். 16 எம்பி பிளாஷ், 128 எம்பி ராம், இந்த வேலைக்குத் தாராளம். ஏற்றும் முன் பெட்டிக்கு அடியில் ஒட்டியிருக்கும் பதிப்பு எண்ணைக் கட்டாயம் பாருங்கள், ஒரே பெயரில் பல பதிப்புகள் உண்டு, ஃபைல் மாறினால் ரவுட்டர் வெறும் டப்பாவாகிவிடும்.

ஓபன்டபிள்யூஆர்டியை பிரவுசரிலிருந்து இயக்குகிற லூசி பக்கத்தில் வேக் ஆன் லேன் பொதியைச் சேர்த்ததும் சர்வீசஸ் மெனுவில் அது வந்து உட்கார்ந்தது. பட்டியலில் கம்ப்யூட்டரைத் தேர்ந்து ஒரு பொத்தான், முடிந்தது. பேக்கெட் லேனுக்குள்ளேயே (வீட்டு நெட்வொர்க்குக்குள்ளேயே) கிளம்புவதால் ஏஆர்பி மறதி இங்கே குறுக்கே வருவதில்லை. அந்தப் பக்கத்துக்கு வெளியிலிருந்து போக அதே ரவுட்டரில் வயர்கார்டு என்ற விபிஎன், அதாவது வீட்டு நெட்வொர்க்குக்கு ஒரு பூட்டிய சுரங்கம். தயவுசெய்து ரவுட்டரின் லாகின் பக்கத்தை இணையத்துக்கு நேரடியாகத் திறந்துவிடாதீர்கள், நான் மன்றாடிக் கேட்கிறேன். வயர்கார்டுக்கு ஒரே ஒரு யுடிபி போர்ட் போதும், சரியான சாவி இல்லாதவனுக்கு அது பதிலே சொல்லாது. போன் ஆப்பிலிருந்தே நேராக பேக்கெட் அனுப்ப நினைத்தால், பிராட்காஸ்ட் அந்தச் சுரங்கத்தைத் தாண்டாது, அதனால் லூசி பக்கம்தான் வழி.

இதற்கெல்லாம் முன்னால் ஒன்று பார்க்க வேண்டும். ரவுட்டரின் வான் (இணையப் பக்கத்து) முகவரி 100.64-க்கும் 100.127-க்கும் இடையில் இருந்தால் நீங்கள் சிஜிநாட்டுக்குப் பின்னால் இருக்கிறீர்கள், அதாவது ஒரே பொது ஐபியை இணையக் கம்பெனி பலருக்குப் பங்கிட்டுத் தருகிறது, எந்த போர்ட்டைத் திறந்தாலும் வெளியிலிருந்து வர முடியாது. என் நிலையும் அதுதான். தனி ஐபி கேட்டேன், மாதம் கொஞ்சம் கூடுதலாக வாங்கிக்கொண்டு தந்தார்கள். போர்ட் திறக்காமலே இணைக்கிற டெயில்ஸ்கேல் என்ற விபிஎன் போட்டால் அந்தச் செலவு இல்லை, ஆனால் 16 எம்பி ரவுட்டரில் அது அடங்காது, ராஸ்பெர்ரி பை என்ற குட்டி கம்ப்யூட்டர் மாதிரி எப்போதும் ஓடுகிற இன்னொரு பெட்டி வேண்டும்.

கம்ப்யூட்டர் பக்கம் வேலை கொஞ்சம். பயாஸில் இஆர்பியை (அணைந்தபின் கார்டுக்குப் போகும் கரண்டையும் வெட்டிவிடும் மின்சேமிப்பு வசதி) அணைத்து, பிசிஐ-இ வழியாக எழுப்புவதை ஆன் செய்ய வேண்டும், விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை எடுத்துவிட வேண்டும். வைஃபையை நம்பாமல் கேபிள் போடுங்கள். ஷட் டவுன் செய்தபின் கேபிள் சொருகிய இடத்தில் குட்டி விளக்கு எரிகிறதா பாருங்கள், எரியாவிட்டால் ரவுட்டரில் எதைத் தட்டினாலும் பயனில்லை. இன்னொன்று, மேஜிக் பேக்கெட்டுக்கு மட்டும் விழிக்கச் சொல்லும் டிக் கார்டின் பிராப்பர்ட்டீஸில் இருக்கும். அதைப் போடாமல் தூக்கத்தில் விட்டிருந்த முதல் வாரம் ராத்திரி இரண்டு மணிக்கு மெஷின் தானாக எழுந்து ஃபேன் சுற்ற, யாரோ வீட்டுக்குள் வந்துவிட்டார்கள் என்று அம்மா விளக்கைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

ஒரு வருடமாக ஓடுகிறது. ரவுட்டருக்கு 12 வோல்ட் மினி யுபிஎஸ் வைத்திருப்பதால் கரண்ட் போனாலும் அது விழித்தே இருக்கும். கம்ப்யூட்டர்தான் சிக்கல். கரண்ட் ஒரு முறை போய் வந்தால், என் போர்டு ஒரு தடவை முழுதாக ஆன் ஆகி அணையும் வரை பேக்கெட்டைக் கண்டுகொள்ளாது. அதனால் கரண்ட் திரும்பியதும் தானாக ஆன் ஆகும்படி பயாஸில் வைத்து, அரை மணி நேரம் யாரும் தொடாவிட்டால் தூங்கும்படி செய்துவிட்டேன். ஐப்பசியில் இடி மழைக்கு இதுவும் போதாது. வானம் இருட்டினாலே அம்மா பிளக்கையும் லேன் கேபிளையும் பிடுங்கி வைத்துவிடுவார். எங்கள் பக்கம் இடி விழுகிற விழுகைக்கு அவர் செய்வது சரி, அந்த நாட்களில் நான் கேட்பதுமில்லை.

மற்ற நாட்களில் சைட்டில் நின்றபடி வயர்கார்டை ஆன் செய்து, பொத்தானைத் தட்டி, ஒரு நிமிஷம் விட்டு ரிமோட் டெஸ்க்டாப்பில் நுழைகிறேன். அதற்கு வீட்டு மெஷினில் விண்டோஸ் புரோ வேண்டும், ஹோமில் வராது. போன வாரம் கிணத்துக்கடவு சைட்டில் மேஸ்திரி மாடிப்படி அளவு கேட்டபோது அப்படித்தான் எடுத்துக் காட்டினேன். சாயங்காலம் வீட்டுக்குப் போனால் மெஷின் தூங்கிக்கொண்டிருந்தது, அம்மாவுக்கு அது நடுவில் எழுந்ததே தெரியாது.