விறைப்புக் குறைபாட்டுக்கு மாத்திரையா, ஊசியா?

சர்க்கரை நோய் பல வருடமாக இருந்தால் விறைப்பும் தளர்வது சகஜம். மருத்துவர் எனக்குச் சொன்னவை இரண்டு: சில்டெனாஃபில், டடாலாஃபில் வகை மாத்திரை, இல்லையென்றால் ஆண்குறியின் பக்கவாட்டில் நாமே போட்டுக்கொள்ளும் பாப்பவெரின் அல்லது அல்ப்ரோஸ்டாடில் ஊசி. நான் மாத்திரைக்குப் போனேன்.

வசதியில் மாத்திரை மேல், வேகத்தில் ஊசி மேல். இதில் பேச ஒன்றுமில்லை. எண்ணெய்ச் சாப்பாட்டுக்குப் பின் சில்டெனாஃபில் தாமதமாகத்தான் வேலை செய்யும் என்பது ஒரு தொல்லை. இதயத்துக்கு நைட்ரேட் மருந்து சாப்பிடுபவர் இந்த மாத்திரைகளைத் தொடவே கூடாது.

என்னை முடிவெடுக்க வைத்தது பிரியாபிசம், அதாவது இச்சை இல்லாமலே 4 மணி நேரத்துக்கு மேல் இறங்காமல் நிற்கும் விறைப்பு. மாத்திரை, ஆசை எழும்போது நரம்பு அனுப்பும் தகவலை நீட்டிக்கிறது, அவ்வளவுதான். ஆசை அடங்கினால் விறைப்பும் அடங்கும். ஊசி மருந்து தசையை நேரடியாகத் தளர்த்துகிறது. அளவு கொஞ்சம் கூடிவிட்டால் நம் கையில் ஒன்றும் இல்லை. உள்ளே வந்த ரத்தம் வெளியேறாமல் தேங்கும், ஆக்சிஜன் தீரும், வலி ஏறும். ஒரு நாளைத் தாண்டினால் தசை நாராக இறுகி, விறைப்பே நிரந்தரமாகப் போய்விடலாம். எதற்காக ஊசி போட்டோமோ அதுவே பறிபோகும்! தேங்கிய ரத்தத்தை ஊசியால் உறிஞ்சி எடுத்து, ரத்தக் குழாயைச் சுருக்கும் ஃபினைல்எஃப்ரின் மருந்தைச் செலுத்துவதுதான் சிகிச்சை, அடங்காவிட்டால் அறுவை. நடு ராத்திரியில் இதைச் செய்யத் தெரிந்தவர் பக்கத்தில் இருப்பாரா என்று யோசித்தேன். எங்கள் ஊரில் இல்லை.

ஊசிகளிலும் பாப்பவெரினுக்குத்தான் இந்த ஆபத்து அதிகம். அல்ப்ரோஸ்டாடிலில் குறைவு, ஆனால் குறியில் வலி வரலாம். மருத்துவமனையில் சோதனைக்குப் போட்டதோடு சரி, தொடர்ந்து ஊசி போட்ட அனுபவம் எனக்கு இல்லை.

மாத்திரையிலும் பிரியாபிசம் வரலாம், அபூர்வமாக. அரிவாள் செல் சோகை, ரத்தப் புற்றுநோய் உள்ளவர்களும், தூக்கத்துக்கு டிராசோடோன் சாப்பிடுபவர்களும் மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். மாத்திரை, ஊசி எதுவுமே இல்லாமல் கூட அவர்களுக்கு இது வருவதுண்டு.

புராஸ்டேட் அறுவையில் நரம்பு போனவர்களுக்கு மாத்திரை பெரும்பாலும் கைகொடுக்காது. அவர்களுக்கு ஊசிதான் சரி. முதல் ஊசியை மருத்துவர் முன்னிலையில் குறைந்த அளவில் போட்டு, எவ்வளவு நேரம் நிற்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும்.