ஆறாம் மாதத் தூக்கம்: யூ தலையணையா, இலவம் பஞ்சுத் திண்டா?

20-வது வாரம் தொப்புள் மட்டத்துக்கு வரும் கர்ப்பப்பை, 24-வது வாரத்தில் அதைத் தாண்டி ஏறியிருக்கும். பகலில் பெரிய தொந்தரவு இல்லை. பலருக்கு வாந்தி நின்றிருக்கும், பசி எடுக்கும், குழந்தை உதைப்பது தெரியும். வம்பு எல்லாம் ராத்திரிதான். மல்லாந்தால் மூச்சு முட்டும். ஒருக்களித்தால் வயிறு ஒரு பக்கமாக இழுக்கும், மேல்கால் முன்னால் சரிந்து இடுப்பு கடுக்கும். இதற்குச் சேலத்தில் இரண்டு வழி. ஆன்லைனில் வரும் யூ வடிவத் தலையணையை வாங்கலாம். இல்லையென்றால் டவுனில் பஞ்சு மெத்தைக் கடையில் அளவு கொடுத்து இலவம் பஞ்சுத் திண்டு தைத்துக்கொள்ளலாம். சேலத்து வெயிலுக்குத் திண்டுதான் சரி. ஏற்காட்டில் இருப்பவர்களுக்கு அந்தப் பதில் செல்லாது, அதைப் பிறகு பார்ப்போம்.

முதலில் யூ. நீளம் ஏறத்தாழ நாலரை அடி, அகலம் இரண்டரை அடி, உள்ளே பாலியெஸ்டர் நார். இதன் பெரிய வசதி, புரண்டு படுக்கும்போது தூக்கி மாற்ற வேண்டியதில்லை. முதுகுக்கு ஒரு கை, வயிற்றுக்கு ஒரு கை எப்போதும் இருக்கும். பெரிய குறையும் அதேதான். இரண்டு பக்கமும் நார் சூழ்ந்து நிற்பதால் காற்று புகாது. ஏப்ரல், மே மாதத்தில் மின்விசிறி மட்டும் ஓடும் அறையில் நடு ராத்திரிக்குள் நைட்டி நனைந்துவிடும். கர்ப்ப காலத்தில் உடம்புச் சூடு ஏற்கெனவே கொஞ்சம் கூடுதல். வெல்வெட் உறை போட்டது என்றால் கேட்கவே வேண்டாம். ஐந்தடி அகலக் கட்டிலில் பாதியை அது எடுத்துக்கொள்ளும், வீட்டுக்காரர் பாய்க்கு இறங்க வேண்டியதுதான்.

வாங்கியே ஆக வேண்டும் என்றால் மூன்று விஷயம் பாருங்கள். உறையைக் கழற்றினால் உள்ளே இன்னொரு துணிப் பை இருக்கும். அது காகிதம் மாதிரி சரசரக்கும் நெய்யாத துணியாக இருந்தால் இரண்டு மாதத்தில் தையல் ஓரம் கிழிந்து நார் வெளியே வரும். அந்த உள் பைக்கும் ஜிப் இருக்க வேண்டும், வயிற்றுப் பக்கம் அமுங்கிய பிறகு நார் சேர்க்க அதுதான் வழி. மூன்றாவது, உறை பருத்தியா என்பது. காற்றை உறிஞ்சிச் சுருட்டி அனுப்பியிருந்தால் வந்த அன்றைக்கே போட்டுப் பார்த்துவிட்டுக் குறை சொல்ல வேண்டாம். பிரித்து நன்றாகத் தட்டி ஒரு நாள், இரண்டு நாள் விட்டால்தான் முழு உருவம் வரும், புது வாடையும் போகும். துவைக்க உறையை மட்டும் கழற்றுங்கள். முழுத் தலையணை வீட்டு வாஷிங் மெஷினில் அடங்காது. பக்கெட்டில் முக்கினால் உள்நார் காய்வதற்குள் நாற்றம் பிடித்துவிடும்.

இனி திண்டு. கடைக்குப் போகும் முன் வீட்டிலேயே அளவு எடுக்க வேண்டும். இடப்பக்கம் ஒருக்களித்துப் படுத்து இரண்டு முழங்காலையும் மடக்கிக்கொள்ளுங்கள். இடையில் மடித்த போர்வைகளை ஒவ்வொன்றாக வைக்கச் சொல்லுங்கள். மேல் தொடை கட்டிலுக்குச் சமமாக, கீழே சரியாமல் நிற்கும்போது அந்தப் போர்வை அடுக்கின் உயரத்தை அளந்து, பஞ்சு அமுங்குவதற்காக ஓர் அங்குலம் சேர்த்தால் அதுதான் திண்டின் குறுக்களவு. பெரும்பாலும் 7 அல்லது 8 அங்குலம் வரும். நீளம், மடக்கிய நிலையிலேயே நெஞ்சிலிருந்து கணுக்கால் வரை. ஐந்தடி, ஐந்தடி இரண்டு அங்குலம் உயரமுள்ளவருக்கு 48 அங்குலம் போதும்.

8 அங்குலக் குறுக்களவு, 48 அங்குல நீளத்துக்கு 36 அங்குல அகலமுள்ள மெத்தைத் துணி ஒன்றரை மீட்டர் வாங்கினால் சரியாக இருக்கும். உடம்புக்கு 50-க்கு 26 அங்குலத் துண்டு ஒன்று. பக்கத்தில் மிஞ்சும் 10 அங்குலப் பட்டையில், 9 அங்குல வட்டம் இரண்டு வெட்டினால் இரண்டு முனைக்கும் ஆயிற்று. பஞ்சு ஒன்றரை கிலோவிலிருந்து ஒன்றே முக்கால் கிலோ வரை பிடிக்கும். "தலையணை மாதிரி நல்லா அடைச்சுத் தர்றேம்மா" என்று கடைக்காரர் ஆசையாகச் சொல்லுவார், ஒத்துக்கொள்ளாதீர்கள். கெட்டியாக அடைத்த திண்டு கட்டை மாதிரி முழங்காலை உறுத்தும். கை முஷ்டியால் அழுத்தினால் இரண்டு விரல் கனம் அமுங்கி மெதுவாக எழும்ப வேண்டும், அதுதான் பதம்.

பஞ்சில் நடக்கும் ஏமாற்று வேலை கலப்படம். சேலம், நாமக்கல், ஈரோடு சுற்றிலும் நூற்பாலைகள் நிறைய, மில் வேஸ்ட் பஞ்சு சுலபமாகக் கிடைக்கும். பிடிபடுவதும் சுலபம். ஒரு சிட்டிகை எடுத்து இரண்டு விரலுக்கு நடுவே திரி திரித்துப் பாருங்கள். பருத்தியானால் விளக்குத் திரி மாதிரி முறுக்கிக்கொண்டு நீளும். இலவம் வழுக்கிக்கொண்டு உதிரும், திரி நிற்காது, லேசாகப் பட்டு மினுமினுப்பு இருக்கும். இலவ நாரின் உள்ளே குழல் மாதிரி வெற்றிடம் உண்டு, அதனால்தான் கனமில்லாமலும் காற்றோட்டமாகவும் இருக்கிறது. பருத்தி கலந்தால் அந்தக் குணம் போய், சில வாரத்தில் கட்டி கட்டியாகிவிடும். கையில் அள்ளி நசுக்கும்போது கொட்டை தட்டுப்பட்டாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பழைய மெத்தைப் பஞ்சை அடித்துப் புதிதாகக் கொடுப்பதும் உண்டு. அதோடு மூட்டைப்பூச்சியும் இலவசமாக வரும். விலை கேட்கும்போது பஞ்சு, துணி, தையல்கூலி மூன்றையும் தனித்தனியாகக் கேளுங்கள், மொத்தமாகச் சொன்னால் எதில் கை வைத்தார்கள் என்று தெரியாது.

பஞ்சு அடைக்கும்போது கர்ப்பிணி அங்கே நிற்க வேண்டாம், தூசு தாங்காது. வீசிங் உள்ளவர்கள் இலவம் பஞ்சையே விட்டுவிட்டு, அதே அளவில் ரெக்ரான் என்னும் பாலியெஸ்டர் நார் அடைத்துத் தைக்கச் சொல்லலாம்.

கடைக்காரரிடம் மறக்காமல் சொல்ல வேண்டியது ஒன்று: ஒரு முனையில் 6 அங்குலத்துக்கு மெஷின் தையல் கூடாது, கைத்தையல் போடட்டும். முதல் மாதத்தில் பஞ்சு நன்றாகவே இறங்கும். கால் கிலோ பஞ்சு கூடுதலாக வாங்கி வைத்திருந்தால் அந்தத் தையலைப் பிரித்து வீட்டிலேயே நிரப்பிக்கொள்ளலாம். மேலுறைக்குப் புதுத் துணி தேடவே வேண்டாம், துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன பழைய வேட்டிக்கு ஈடு கிடையாது. வாரம் ஒருமுறை மொட்டை மாடியில் இரண்டு மணி நேரம் வெயிலில் போட்டு, திருப்பித் தட்டி எடுங்கள். தண்ணீரில் நனைக்கவே கூடாது.

திண்டு வாங்கியும் இடுப்பு வலி போகவில்லை என்று சொல்பவர்கள் பெரும்பாலும் முழங்காலை மட்டும் அதன் மேல் வைத்து, பாதத்தைத் தொங்கவிட்டிருப்பார்கள். கணுக்காலும் திண்டின் மேல் இருக்க வேண்டும். இல்லையென்றால் தொடை உள்பக்கம் திரும்பி, இடுப்பு மூட்டு ராத்திரி முழுக்க முறுக்கியபடியே கிடக்கும். அடிவயிற்றுக்குக் கீழே ஒரு துண்டை இரண்டு அங்குலக் கனத்துக்கு மடித்து வையுங்கள். அதைவிட உயர்ந்தால் தாங்காது, வயிற்றை மேலே தள்ளும். முதுகுக்குப் பின்னால் சுருட்டிய போர்வை ஒன்று வைத்தால், தூக்கத்தில் முழுசாக மல்லாந்து போகாமல் அது தடுக்கும்.

மல்லாந்து படுக்கக் கூடாது என்பதற்குக் காரணம், முதுகெலும்பின் வலப்பக்கமாக ஏறும் பெரிய ரத்தக்குழாயைக் கர்ப்பப்பையின் பாரம் அழுத்துவது. 28 வாரத்துக்குப் பிறகு இதைக் கண்டிப்பாகக் கடைப்பிடிக்கச் சொல்வார்கள், ஆறாம் மாதத்திலேயே பழகிவிட்டால் அப்போது சிரமம் இருக்காது. இடப்பக்கம் நல்லது, வலப்பக்கம் படுத்தாலும் குற்றமில்லை. நடு ராத்திரி விழித்து மல்லாந்து கிடப்பதைப் பார்த்தால் பதறாமல் திரும்பிப் படுத்தால் போதும்.

"எழுந்து உட்கார்ந்துதான் மறுபக்கம் திரும்பணும், இல்லாட்டி குழந்தைக்குக் கொடி சுத்திக்கும்" என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். கொடி சுற்றுவது குழந்தை தானே உள்ளே புரள்வதால்; அம்மா திரும்புவதால் அல்ல. ஆனால் வெடுக்கென்று திரும்பினால் அடிவயிற்று ஓரத்தில் சுருக்கென்று இழுக்கும், கர்ப்பப்பையைத் தாங்கும் தசைநார் நீண்டிருப்பதால் வரும் வலி அது. இரண்டு முழங்காலையும் சேர்த்து மடக்கி, தோளும் இடுப்பும் ஒன்றாகத் திரும்பினால் இழுப்பு வராது. திண்டை அந்தப் பக்கம் கொண்டுபோவதற்காகவாவது பாதி எழுந்துதான் ஆக வேண்டும். அந்த விதத்தில் திண்டுக்காரர்களிடம் பெரியவர்களுக்குக் கோபம் இல்லை.

நெஞ்செரிச்சலுக்கு இரண்டு தலையணை அடுக்குவது எல்லா வீட்டிலும் நடக்கிற தவறு. கழுத்து மடியும், வயிறு நசுங்கும், எரிச்சல் கூடும். கட்டிலின் தலைமாட்டுக் கால்கள் இரண்டுக்கும் கீழே 6 அங்குல உயரத்துக்குப் பள்ளம் வெட்டிய மரக்கட்டை வைத்தால் உடம்பு முழுவதும் சரிவாக நிற்கும். வெறும் செங்கல் வைத்தால் இரும்புக் கட்டில் வழுக்கிவிடும். சாப்பிட்டு இரண்டு மணி நேரமாவது கழித்துப் படுக்க வேண்டும் என்பதையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஏற்காட்டுக்கு வருவோம். ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரம், ராத்திரிக் குளிர். யூ தலையணையின் சூடு அங்கே குறையே இல்லை, டிசம்பரில் அது சுகம்கூட. ஐப்பசி, கார்த்திகையில் நாள்கணக்காக மூடுபனியும் மழையும் இருந்தால் பஞ்சை வெயிலில் போட வழியில்லை, திண்டில் பூசண வாடை வந்துவிடும். ஆகவே மலைமேல் இருப்பவர்களுக்கு ரெக்ரான் அடைத்த திண்டு, அல்லது பருத்தி உறை போட்ட யூ. பரிசோதனைக்காகச் சேலம் இறங்கி ஏறும்போது, அந்த 20 கொண்டை ஊசி வளைவுகளுக்கு இடுப்புக்குப் பின்னால் சின்னத் தலையணை ஒன்று போதும். சீட் பெல்ட்டின் கீழ்ப்பட்டை வயிற்றுக்குக் கீழே, தொடையோடு ஒட்டி இருக்கட்டும், தலையணைக்கு மேலே சுற்றக் கூடாது.

கெண்டைக்கால் பிடிப்புக்கு எந்தத் தலையணையும் மருந்தல்ல. பிடித்தவுடன் காலை நீட்டி, விரல்களை முகத்தை நோக்கி இழுத்துப் பிடித்தால் விடும். ஒரே ஒரு கால் மட்டும் வீங்கிச் சிவந்து வலித்தாலோ, முகமும் கையும் திடீரென்று வீங்கித் தலைவலி, கண் மங்கல் வந்தாலோ, தலையணையைச் சரிசெய்துகொண்டு இருக்காமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

வளைகாப்பு முடிந்து தாய்வீடு போகும்போதும் திண்டுதான் சௌகரியம். ஆத்தூர் பஸ்ஸிலோ மேட்டூர் பஸ்ஸிலோ மேல் தட்டில் போட்டுவிடலாம், யூ தலையணைக்குத் தனியாக ஒரு சீட் கேட்கும். பிரசவத்துக்குப் பிறகு உட்கார்ந்து பால் கொடுக்கும்போது கைக்கு அண்டக் கொடுக்கத் திண்டு உதவும். ஆனால் குழந்தை தூங்கும் இடத்தில் அண்டையாகவோ தடுப்பாகவோ வைக்கக் கூடாது, முகம் புதைந்தால் மூச்சு முட்டும். வேலை முடிந்ததும் கைத்தையலைப் பிரித்தால் பெரியவர்களுக்கு ஒரு தலையணைக்கான பஞ்சு அதில் இருக்கும்.