ஊர்க் குட்டைக்கு யார் காசு? கம்பெனி நிதியா, நமக்கு நாமேயா

எங்கள் ஊர் வேலூர் மாவட்டம் கணியம்பாடி ஒன்றியத்தில் இருக்கிறது. ஊர்க்கோடியில் ஒரு குட்டை. அதைத் தூர்வாரி, கரையைப் பலப்படுத்தி, கரை மேல் நூறு மரம் வைக்க வேண்டும் என்று மூன்று வருஷமாகப் பேசிக்கொண்டிருக்கிறோம். எஸ்டிமேட் ஆறு லட்சம். "இன்னாத்துக்குப்பா வீடு வீடா அலையறீங்க? ஏதாவது கம்பெனியில சி.எஸ்.ஆர். கேளுங்க" என்றார் ஒரு பெரியவர். எங்கள் பக்கம் சி.எஸ்.ஆர். என்றால் புகார் கொடுத்ததும் போலீஸ் ஸ்டேஷனில் தரும் ரசீதுதான் ஞாபகம் வரும். இது வேறு சி.எஸ்.ஆர்., கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நிதி என்று புரிந்துகொள்ளவே கொஞ்ச நாள் ஆனது.

2013ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின் 135ஆவது பிரிவுதான் இதற்கு அடிப்படை. 2014 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1000 கோடி, நிகர லாபம் 5 கோடி, இந்த மூன்றில் ஏதாவது ஒன்றை எட்டிய கம்பெனி, முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். செலவிடும்போது தான் இயங்கும் வட்டாரத்துக்கு முன்னுரிமை தர வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது.

வேலூருக்கு அடி விழுவது இந்த முன்னுரிமையில்தான். 2019இல் மாவட்டத்தை மூன்றாகப் பிரித்தபோது பெல் தொழிற்சாலையும் சிப்காட்டும் ராணிப்பேட்டையோடு போய்விட்டன. ஆம்பூர், வாணியம்பாடியின் தோல், ஷூ கம்பெனிகள் திருப்பத்தூர் மாவட்டத்துக்குப் போயின. நம்மிடம் மிஞ்சியது ஆஸ்பத்திரியும் காலேஜும் கோட்டையும்தான். பழைய வடாற்காட்டுக்காரர்களுக்கு இதெல்லாம் ஒரே சீமை. ஆனால் நாங்கள் மனு எடுத்துப் போன ஒரு கம்பெனியில் கேட்ட முதல் கேள்வியே, "நீங்க வேலூர் மாவட்டமாச்சே?"

சரி, மாவட்டத்தைத் தாண்டி வந்துவிட்டோம் என்றே வைத்துக்கொள்வோம். அடுத்து காகிதம். கம்பெனி இந்தப் பணத்தை ஊர் இளைஞர் மன்றத்தின் கையில் கொடுத்துவிட முடியாது. வேலையைத் தானே செய்யலாம், இல்லையென்றால் பதிவு பெற்ற அமைப்பின் மூலம் செய்யலாம். அந்த அமைப்புக்கு வருமான வரித்துறையின் 12ஏ, 80ஜி வரிவிலக்குப் பதிவு வேண்டும், இதேபோன்ற வேலையில் மூன்று வருஷ அனுபவம் வேண்டும், 2021 ஏப்ரலிலிருந்து சி.எஸ்.ஆர்-1 படிவத்தில் பதிவு எண்ணும் வேண்டும். அந்தப் படிவத்தில் ஆடிட்டர் போன்ற ஒருவர் சான்று போட வேண்டும். ஏழு பேர் சேர்ந்தால் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்படி ஒரு சங்கம் ஆரம்பித்துவிடலாம், அது கஷ்டமில்லை. மூன்று வருஷ அனுபவத்துக்கு எங்கே போவது? கடைசியில் பெரிய தொண்டு நிறுவனம் ஒன்றின் நிழலில் ஒதுங்க வேண்டியதுதான். அப்புறம் குட்டை நம்முடையது, திட்டம் அவர்களுடையது என்று ஆகிவிடும்.

காகிதத்தைவிட எனக்கு அதிகம் உறுத்துவது காலண்டர். கம்பெனிக்கு வருஷம் மார்ச்சில் முடிகிறது. செலவாகாத பணத்தை, தொடர் திட்டத்துக்கு ஒதுக்கியதாக இருந்தால், தனி வங்கிக் கணக்குக்கு மாற்ற வேண்டும். அப்படி இல்லாவிட்டால் ஆறு மாதத்துக்குள் அரசு குறிப்பிட்ட நிதிகளில் ஏதாவது ஒன்றில் கட்டிவிட வேண்டும். அதனால் ஜனவரி வரை போன் எடுக்காதவர்கள் பிப்ரவரியில் தாங்களே கூப்பிடுவார்கள். எங்களுக்கும் அப்படி ஒரு மார்ச்சில் இருநூறு மரக்கன்று வந்தது, ஒவ்வொன்றுக்கும் கம்பெனி பெயர் எழுதிய இரும்புக் கூண்டோடு. போட்டோ எடுத்தார்கள், போனார்கள். வெயிலூர் என்று கிண்டல் செய்யப்படும் ஊரில் அக்னி நட்சத்திரத்துக்கு ஒன்றரை மாதம் முன்னால் கன்று நட்டால் என்ன ஆகும்? மே கடைசியில் கூண்டுகள் மட்டும் நன்றாக இருந்தன. குட்டைக்குக் கம்பெனி அதிகாரியின் பதில் இன்றுவரை "பார்க்கலாம்"தான்.

கம்பெனிக் காசு கெட்ட காசு என்று சொல்லவில்லை. பள்ளிக்குக் கழிப்பறை, குடிநீர் மிஷின் மாதிரி வாங்கி வைத்துவிட்டு ரசீது காட்டக்கூடிய வேலைக்கு அதைவிட நல்ல வழி கிடையாது. இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். வேறொரு சட்டப்படி கம்பெனி செய்தே ஆக வேண்டிய வேலையை இந்தக் கணக்கில் எழுத விதி இடம் தராது. பாலாற்றங்கரையில் இருப்பவர்களுக்கு இது முக்கியம். தோல் தொழிற்சாலைகளின் கழிவு பாலாற்றைக் கெடுத்த வழக்கில் 1996இல் வேலூர் குடிமக்கள் நல மன்றம் பெற்ற உச்ச நீதிமன்றத் தீர்ப்புதான், மாசுபடுத்தியவரே ஈடுகட்ட வேண்டும் என்ற கொள்கையை இந்தியச் சட்டத்தில் ஊன்றியது. அப்படிக் கட்ட வேண்டிய பணம் கடன். அதை யாராவது நன்கொடை என்று சொல்லி மாலை கேட்டால் போட வேண்டியதில்லை.

இனி நமக்கு நாமே திட்டம். தொண்ணூறுகளின் கடைசியில் தொடங்கி, இடையில் நின்று, 2021க்குப் பிறகு திரும்ப வந்தது. பொதுவாக மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கையாவது மக்கள் கட்ட வேண்டும், மீதியை அரசு போடும். ஆறு லட்சத்தில் நம் பங்கு இரண்டு லட்சம். எங்கள் ஊரில் முந்நூறு வீடு. வீட்டுக்கு 500 ரூபாய் என்றால் ஒன்றரை லட்சம் வந்துவிடும். சங்கம் பதிவு செய்ய வேண்டாம், 80ஜி வேண்டாம். ஊராட்சித் தீர்மானம், ஒன்றிய இன்ஜினியரின் மதிப்பீடு, பங்குத்தொகைக்கு டி.டி., கலெக்டரின் அனுமதி, அவ்வளவுதான்.

அவ்வளவுதான் என்று எழுதிவிட்டேனே தவிர, இங்கேயும் காத்திருப்பு உண்டு. கம்பெனியில் மேனேஜர் மாறினால் கதை மாறும், இங்கே பி.டி.ஓ. மாறினால் மாறும். வேலை டெண்டருக்குப் போனால் நாம் நினைத்த ஆழம் வராது என்ற பயமும் நியாயமானதுதான். அதற்கு ஒரு வழி உண்டு. மக்கள் பங்கு பாதி அளவுக்கு வந்துவிட்டால், பணம் கொடுத்தவர்களே வேலையை எடுத்துச் செய்ய அனுமதி கேட்கலாம். எனக்கு இந்தத் திட்டத்தில் பிடித்ததே இதுதான். தன் ஐந்நூறு ரூபாய் உள்ளே கிடக்கும்போது, ஜே.சி.பி. எத்தனை மணி நேரம் ஓடியது என்று கிழவி கூடக் கணக்குக் கேட்பாள். கம்பெனி வெட்டிய குட்டை பற்றி யாரும் அப்படிக் கேட்டு நான் பார்த்ததில்லை.

மற்ற வழிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ரோட்டரியின் குளோபல் கிராண்ட் 30,000 டாலருக்குக் குறைந்த திட்டத்துக்குக் கிடையாது. எங்கள் குட்டைக்கு அது யானைக் கவளம், அதனால் அவர்களின் மாவட்ட அளவிலான சிறு நிதியைக் கேட்டுப் பார்க்கலாம். துபாயில் வேலை பார்க்கும் நம் பையன்கள் இந்தியக் குடிமக்களாகவே இருக்கும்வரை, சொந்தச் சம்பாத்தியத்தை வங்கி வழியாக அனுப்புவதில் சிக்கல் இல்லை. அமெரிக்கக் குடியுரிமை வாங்கிவிட்ட அண்ணன் சங்கத்துக்கு அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை. அதற்குத் தனிப் பதிவும், டெல்லியில் ஸ்டேட் பேங்க் முதன்மைக் கிளையில் ஒரு கணக்கும் வேண்டும். ஒரு குட்டைக்காக டெல்லி வரைக்குமா? நாகநதிப் படுகையில் நூறு நாள் வேலைப் பெண்கள் நீர் செறிவூட்டும் உறைகிணறுகளை இறக்கி ஆற்றுக்கே உயிர் கொடுத்தது நம் கண்ணெதிரே நடந்தது. ஆனால் அது வருஷக்கணக்கில் ஒரு அமைப்பு கூடவே நின்று செய்த வேலை.

எந்தப் பணமானாலும் முதலில் பார்க்க வேண்டியது நீர்நிலை யாருடையது என்பதை. 100 ஏக்கருக்கு மேல் பாசனம் உள்ள ஏரி நீர்வளத்துறையிடம் இருக்கும், அதற்குக் குறைந்தது ஒன்றியத்திடம், குட்டை ஊராட்சியிடம். இது தெரியாமல் தப்பான ஆபீஸில் மனு கொடுத்து ஒரு கோடைக்காலம் முழுக்க வீணடித்தோம்.

நாங்கள் இப்போது நமக்கு நாமே பக்கம் சாய்ந்திருக்கிறோம், பாதிப் பங்கோடு. மூன்று லட்சத்தில் ஊர் வசூல் ஒன்றரை, துபாய் பையன்கள் ஒன்று. மீதி ஐம்பதாயிரத்துக்குத்தான் கம்பெனிக்குப் போவோம். நிறுவனங்களும் பங்குத்தொகை கட்டலாம். கன்று தருகிறோம் என்று திரும்பவும் சொன்னால் வாங்கிக்கொள்வோம், ஆவணியில் கொண்டுவந்து இறக்கச் சொல்லி. கூண்டு மட்டும் வேண்டாம், இருநூறு கையிருப்பு இருக்கிறது.