காரைக்குடியில் வைரம் வாடகைக்கு எடுத்த கதை

தம்பி மகள் கல்யாணத்துக்காகச் சிங்கப்பூரிலிருந்து கிளம்பும்போது என்னிடம் இருந்த நகை ஒரு செயின், இரண்டு வளையல், காதில் ஒற்றைக்கல் தோடு. அவ்வளவுதான். வேண்டுமென்றேதான் மற்றதையெல்லாம் அங்கேயே லாக்கரில் விட்டுவிட்டு வந்தேன். ஒரு வருடத்துக்கு மேல் வெளிநாட்டில் இருந்துவிட்டு வருகிற பெண் 40 கிராம் வரை நகையைத் தீர்வையில்லாமல் கொண்டுவரலாம். அதற்கு மேல் போனால் ரசீது காட்டு, விளக்கம் சொல், திரும்பிப் போகும்போது இன்னொரு தடவை சொல். முன்பு ஒருமுறை திருச்சி ஏர்போர்ட்டில் முக்கால் மணி நேரம் நின்றது போதும்.

ஆனால் எங்கள் பக்கத்துக் கல்யாணத்தில் வைரம் இல்லாமல் எப்படி? அப்பத்தாவிடம் ஏழுகல் தோடும் வைர அட்டிகையும் இருந்தன. நான்கு பிள்ளைகளுக்குப் பாகம் பிரித்தபோது அட்டிகையை அழித்துக் கல்லைப் பங்கு போட்டார்கள். என் பங்குக்கு வந்தது இப்போது மோதிரமாக இருக்கிறது. எல்லாம் புளூ ஜாகர் கல் என்று வீட்டில் பெருமை பேசுவார்கள். தென்னாப்பிரிக்காவின் ஜாகர்ஸ்ஃபோன்டைன் சுரங்கத்தை வைத்து வந்த பெயர் அது. சுரங்கத்தை மூடி ஐம்பது வருடத்துக்கு மேல் ஆகிறது, கடைகளில் புளூ ஜாகர் மட்டும் தீர்ந்தபாடில்லை.

கழுத்துரு, அதாவது எங்கள் பக்கத்துத் தாலி நகை, வீட்டிலேயே இருக்கிறது, அதில் பிரச்சினை இல்லை. தாலி கட்டும் திருப்பூட்டின்போது அதுதான், வேறு பேச்சே கிடையாது. ரிசப்ஷனுக்குத்தான் வைர செட் வேண்டும். வாங்கிவிடலாம் என்றேன். கல்யாணப் பெண்தான் தடுத்தாள். “மூணு மணி நேரம் போடப் பன்னிரண்டு லட்சமா அத்தை? வாடகைக்கு எடுத்துருவோம்.” தம்பி முகம் சுருங்கிப் போனது. ஊருக்குத் தெரிந்தால் என்ன நினைப்பார்கள் என்று அவனுக்கு. எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. இந்த ஊரில் எந்தக் கல்யாணத்தில் இரவல் நகை இல்லாமல் இருந்திருக்கிறது? பங்காளி வீட்டிலிருந்து வளவுக்குள் கைமாறினால் உறவு, கடையிலிருந்து வந்தால் மட்டும் கேவலமா?

முதலில் விசாரித்த இடம் மேக்கப் போடுகிற ஒரு பெண்மணி. டைமண்ட் செட் ஒரு நாளைக்கு 2,500 ரூபாய் என்றார். அது ஏடி கல், அமெரிக்கன் டைமண்ட் என்று சொல்லும் போலி வைரம். பார்க்க நன்றாகத்தான் இருந்தது, ஆனால் நாங்கள் தேடிப் போனது அதை இல்லை. இரண்டாவதாக, ஒரு நகைக்கடையின் மாடியில் அசல் வைரம் வாடகைக்குத் தருகிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனோம். கடைப் பெயர் வேண்டாம், காரணம் கீழே வருகிறது.

கூட வந்தே தீருவேன் என்று கிளம்பியவர் என் பெரியாத்தா. எண்பத்தொரு வயது. கையில் மூக்குக் கண்ணாடிக் கூடு, ஒரு பழைய நோட்டு, கொண்டையில் ஒரு கொண்டை ஊசி. படி ஏறப் பத்து நிமிடம் ஆனது.

ஏசி அறை, வெல்வெட் தட்டு, காபி எல்லாம் பிரமாதம். கவுன்டரில் இருந்த பெண்ணும் பொறுமைசாலி. நெக்லஸ், தோடு, இரண்டு வளையல் கொண்ட செட்டைத் தேர்ந்தெடுத்தோம். மதிப்பு 12 லட்சம், மூன்று நாளுக்கு வாடகை 42,000, முன்பணம் 3 லட்சம். முன்பணத்தை வங்கி வழியாகத்தான் கட்ட வேண்டும். 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்க வருமான வரிச் சட்டத்தில் இடமில்லை, அதனால் இதில் கடையைக் குறை சொல்ல முடியாது. வெளிநாட்டில் இருப்பவர்கள் இந்தியாவில் வைத்திருக்கும் என்ஆர்ஓ வங்கிக் கணக்கு எனக்கு உண்டு, அதிலிருந்து அனுப்பினேன்.

இது இயற்கைக் கல்லா, லேப் வைரமா என்று கேட்டேன். அந்தப் பெண் பேனா மாதிரி ஒரு டெஸ்டரை எடுத்துக் கல்லில் வைத்துக் கீங்கென்று சத்தம் கேட்க வைத்தாள். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். அந்தப் பேனா பார்ப்பது கல் சூட்டை எவ்வளவு வேகமாகக் கடத்துகிறது என்பதை மட்டும். லேபில் வளர்த்த வைரமும் வைரம்தான், அதற்கும் அதே கீங்தான். வைரம் மாதிரியே இருக்கும் மாய்சனைட் என்ற வேறு கல்லுக்குக்கூடச் சில பேனாக்கள் கத்தும். சர்டிபிகேட்டைப் பார்த்தால்தான் தெரியும். கேட்டதும் எடுத்துக் காட்டினாள், இயற்கைக் கல். வாடகைக்கு லேப் வைரம் எடுப்பதிலும் தப்பில்லை என்பேன், ஆனால் அதற்குத் தகுந்த வாடகை வாங்க வேண்டும்.

தங்கம் 18 கேரட், பின்பக்கம் 750 முத்திரையும், ஒவ்வொரு நகைக்கும் தனியாகத் தரும் ஆறு எழுத்து ஹால்மார்க் அடையாள எண்ணும் (ஹெச்யூஐடி) இருந்தன. அந்த எண்ணை பிஐஎஸ் கேர் ஆப்பில் போட்டுச் சரிபார்த்தேன். அப்பத்தா காலத்து நகையெல்லாம் 22 கேரட். இப்போதைய வைர நகைக்கு 18தான் வழக்கம், தங்கம் கொஞ்சம் கெட்டியாக இருந்தால் கல் அசையாது.

அப்புறம் பெரியாத்தா கண்ணாடியை மாட்டினார். நெக்லஸை விரித்து வைத்துக் கொண்டை ஊசி முனையால் ஒவ்வொரு கல்லாகத் தொட்டு எண்ண ஆரம்பித்தார். வாய்க்குள் முணுமுணுப்பு. இருபது வந்ததும் நோட்டில் ஒரு கோடு, மறுபடி ஒன்றிலிருந்து.

“ஆச்சி, எல்லாம் சர்டிபிகேட்ல இருக்கு, சிரமப்படாதீங்க.”

“இருக்கட்டும்மா. அது அவன் எண்ணுனது. கொண்டு போறது நானுல்ல?”

கொக்கிக்குப் பக்கத்தில் ஊசி நின்றது. திரும்ப எண்ணினார், மறுபடியும் அதே இடத்தில் நின்றது. “இந்தக் கண்ணு காலியா இருக்கு பாரு.” எனக்குத் தெரியவில்லை. கல் பார்க்கும் பூதக்கண்ணாடியை, அதாவது லூப்பை, வாங்கிப் பார்த்தேன். கடுகை விடச் சின்னக் குழி, உள்ளே கல் இல்லை, பழைய சந்தனம் காய்ந்து அடைத்திருந்தது.

“அது பின் கழுத்துல வரும் ஆச்சி, யாருக்கும் தெரியாது” என்றாள் அந்தப் பெண். பில்லில் குறித்துக் கொடு என்றால் கம்ப்யூட்டரில் அதற்கு இடம் இல்லையாம். சரி என்று பெரியாத்தா தன் நோட்டை அவள் பக்கம் தள்ளினார். நெக்லஸ் 1, எடை 46.320 கிராம், கல் 127, கண் காலி 1. வளையலும் தோடும் கீழே. தேதி போட்டு அவளைக் கையெழுத்துப் போட வைத்தார். நான் போனில் படம் எடுத்துக்கொண்டேன்.

ஒப்பந்தம் மூன்று பக்கம், முழுக்க ஆங்கிலம். கல் விழுந்தாலும் நகை தொலைந்தாலும் பொறுப்பு நம்முடையது. இன்சூரன்ஸ் உண்டா என்று கேட்டதற்கு “கடைக்கு இருக்கு சார்” என்று தம்பியிடம் சொன்னார்கள். அந்தப் பதிலை அப்படியே விழுங்கக் கூடாது. நகைக்கடைகள் எடுக்கும் ஜுவல்லர்ஸ் பிளாக் பாலிசியில், வாடிக்கையாளர் கையில் ஒப்படைத்த பொருளை அவரே கொண்டுபோய்விட்டால் பொதுவாகப் பணம் வராது. அதனால்தான் முன்பணம், ஆதார், பான் நகல் எல்லாம். உங்கள் கையில் இருக்கும்போது தொலைந்தால் பாலிசி என்ன செய்யும் என்று எழுத்தில் கேளுங்கள். எங்களுக்கு எழுத்தில் எதுவும் வரவில்லை, நாள் நெருங்கிவிட்டதால் வாங்கிக்கொண்டு வந்துவிட்டோம்.

ரிசப்ஷன் நன்றாக நடந்தது, படங்கள் அழகாக வந்திருக்கின்றன. ஒரு தோட்டின் திருகாணி மட்டும் சுற்றிக்கொண்டே இருந்தது, பிடிக்கவில்லை. தம்பி பெண்சாதி பட்டுப்புடவையிலிருந்து ஒரு நூலை உருவித் தண்டில் நாலு சுற்றுச் சுற்றித் திருகினாள், நின்றுவிட்டது. பெரியாத்தா அன்றைக்குப் பந்திக்கே வரவில்லை. மேடைக்கு நேர் எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து பெண்ணின் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் திருப்பிக் கொடுக்கப் போனால் கவுன்டரில் இருந்த அந்தப் பெண் லீவு. வேறொருவர் லூப்போடு உட்கார்ந்திருந்தார். ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். “ஒரு கல் மிஸ்ஸிங். முன்பணத்துல பதினெட்டாயிரம் பிடிப்போம்.”

தம்பிக்குக் கோபம் வந்து குரல் உயர்ந்தது. பெரியாத்தா அவன் கையைப் பிடித்து உட்கார வைத்துவிட்டு நோட்டைத் திறந்து காட்டினார். “இது எங்க பில் இல்லையே” என்றார் அவர். போனில் இருந்த படத்தைப் பெரிதாக்கிக் காட்டினேன். காலிக் குழி, நேரம், தேதி, பக்கத்திலேயே அவர்கள் ஊழியரின் கையெழுத்து. அவர் உள்ளே போனார், யாருக்கோ போன் செய்தார். அரை மணி நேரம் கழித்து வந்து, “சரிங்க ஆச்சி, முழுசா அனுப்பிடுறோம்” என்றார். வருத்தம் என்று ஒரு வார்த்தை இல்லை. இந்தத் தடவை காபியும் வரவில்லை.

மறுபடி எடுப்பேனா என்றால், எடுப்பேன். 12 லட்சம் போட்டு வாங்கி லாக்கரில் பூட்டி, என்றைக்காவது விற்கப் போனால் செய்கூலி போச்சு, கல்லுக்கும் பாதி விலைதான் சொல்வார்கள். 42,000 எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. ஆனால் எடை போட்டு, கல் எண்ணி, குறை இருந்தால் குறித்துக் கையெழுத்து வாங்காமல் படி இறங்க மாட்டேன். திருப்பிக் கொடுக்கும்போதும் அதே ஆளை இருக்கச் சொல்வேன்.

வீட்டுக்கு வந்து அந்த நோட்டைப் புரட்டிப் பார்த்தேன். எல்லாம் இரவல் கணக்கு. யார் வீட்டுக்கு எந்தத் தோடு போனது, கல் எத்தனை, என்றைக்குத் திரும்பியது. 1974இல் என் அம்மா வாங்கிப் போன வளையலும் அதில் இருக்கிறது, இரண்டு நாள் தாமதமாகத் திருப்பியது உட்பட. கடைசிப் பக்கத்தில் எங்கள் நெக்லஸ். ‘கொடுத்தாச்சு’ என்று எழுதி, கீழே ‘முன்பணம் 3,00,000’ என்பதற்கு எதிரே இடம் விட்டிருந்தார்.

இரண்டு நாளில் வரும் என்ற பணம் வரவில்லை. நான் சிங்கப்பூர் திரும்பிவிட்டேன். ஒன்பதாம் நாள் காலை வங்கியிலிருந்து மெசேஜ் வந்தது, அதற்கு முன்பே பெரியாத்தாவின் போன் வந்துவிட்டது. “வந்துருச்சா? எத்தனை மணிக்குன்னு சொல்லு, எழுதிக்கிறேன்.”