எங்க ஊரு ஜிஎச் சுகவாழ்வு மையம்: போய்ட்டு வந்தவன் சொல்றேன்

இதுக்கெல்லாம் யாரும் ரிவியூ எழுத மாட்டாங்க, போனேன்னு வெளிய சொல்றதுக்கே கூச்சம், அதனால பேர் போடாம நானே எழுதிடறேன். மாவட்ட அரசு ஆஸ்பத்திரில இருக்கற சுகவாழ்வு மையம். பேர பாத்து யோகா கிளாஸ்னு நெனச்சுறாதீங்க, பால்வினை நோய் கிளினிக்குக்கு தமிழ்நாட்டுல வச்சிருக்கற பேரு அது. பக்கத்து ரூம்லயே எச்ஐவி டெஸ்ட்டுக்கு நம்பிக்கை மையம்.

மேட்டர் என்னன்னா எனக்கு 34 வயசு, பனியன் கம்பெனில வேலை, கல்யாணமாகி ஒன்றரை வருசம். மூணு மாசமா ஒய்ஃபோட சேர்ந்த மறுநாள் முன்தோல் செவந்து எரியும், நுனில பிளேடால கீறுன மாதிரி சின்னச் சின்ன வெடிப்பு. நாலு நாள்ல ஆறும், மறுபடி சேர்ந்தா மறுபடி வரும். கல்யாணத்துக்கு முன்னாடி ஒரே ஒரு தடவ தப்பு பண்ணிருக்கேன், அஞ்சு வருசம் ஆச்சு, அதுதான் இப்ப வந்து நிக்குதோன்னு ராத்திரி பூரா போன்ல தேடித்தேடி அதுல வர்ற போட்டோவெல்லாம் பாத்து பாதி உசுரு போச்சு. ஒய்ஃப் ஒரு நாள் சாதாரணமா "ஏங்க, எனக்கும் கொஞ்ச நாளா அரிக்குதுங்க"ன்னா பாருங்க, அன்னைக்கு சோறு எறங்கல.

இங்க போறதுக்கு முன்னாடி பண்ணதெல்லாம் கூமுட்டத்தனம். வெண்ணில ஆன்டிசெப்டிக் ஊத்தி கழுவுனேன், எரிச்சல் டபுள் ஆச்சு. மெடிக்கல்ல போய் அரிப்புக்கு கிரீம் கேட்டேன், எங்க அரிக்குதுன்னு அவரும் கேக்கல நானும் சொல்லல, ஸ்டீராய்டு கலந்தத குடுத்துட்டாரு, போட்டா ரெண்டு நாள் அமுங்குது, நிறுத்துனா முன்ன விட ஜாஸ்தியா வருது. அப்புறம் பஸ் ஸ்டாண்டு பாத்ரூம் சுவத்துல நோட்டீஸ் ஒட்டிருப்பாங்கல்ல, மாசத்துல ஒரு நாள் லாட்ஜ்ல ரூம் போட்டு பாக்கற வைத்தியர், அங்கயும் போனேன். எடத்த காட்டக்கூட சொல்லல, நாடி புடிச்சு பாத்துட்டு "சின்ன வயசுல கைப்பழக்கம் இருந்துச்சா"ன்னு கேட்டு 4,500 ரூபாய்க்கு ஒரு டப்பா லேகியம். வெல்லப்பாகும் நெய்யுமா நல்ல ருசி, தினம் ரெண்டு ஸ்பூன் சாப்ட்டேன். இந்த லேகியத்த ஞாபகம் வச்சுக்கங்க.

கடைசில 1097க்கு போன் போட்டேன், எச்ஐவி ஹெல்ப்லைன், காசு கிடையாது, அவங்கதான் ஜிஎச்சுக்கு போங்கன்னாங்க. காலைல எட்டு மணிக்கெல்லாம் போயிடுங்க. ஓபி சீட்டு போடற எடத்துல "என்ன பண்ணுது"ன்னு க்யூ பூரா கேக்கற மாதிரி சத்தமா கேப்பாங்க, ரூம் நம்பர முன்னாடியே விசாரிச்சு வச்சுட்டு அத மட்டும் சொல்லுங்க. ரூம் எக்ஸ்ரேக்கு பின்னாடி சந்துல இருக்கு, கண்டுபுடிக்கவே அரை மணி நேரம் ஆச்சு.

உள்ள கவுன்சிலர் அக்கா ஒருத்தங்க. "உக்காருங்க தம்பி"ன்னுட்டு கேள்வி மேல கேள்வி, ஆனா ஒண்ணுல கூட குத்தம் சொல்ற தொனி இல்ல. காண்டம் போடறீங்களா, போட்டா மட்டும் எரியுதா, என்ன சோப்பு, எண்ணெய் ஏதாச்சும் தடவறீங்களா, சீழ் வருதா, தொடை இடுக்குல நெறி கட்டிருக்கா. அந்த அஞ்சு வருசக் கதைய சொன்னேன், நிமிந்து கூட பாக்காம எழுதிக்கிட்டாங்க. செல்ஃப்ல கலர் கலரா மருந்து கிட்டு அடுக்கிருக்கு, பொண்ணுங்களுக்கு வெள்ளப்படுறதுக்கு பச்சை, புண்ணுக்கு வெள்ளை, கொத்துக் கொப்புளம் வர்ற ஹெர்ப்பிஸுக்கு சிவப்பு, எல்லாம் ஃப்ரீ. நமக்கு எந்த கலரோன்னு பாத்துட்டு உக்காந்திருந்தேன்.

டாக்டர் ஸ்க்ரீனுக்கு பின்னாடி நிக்க வச்சு டார்ச் அடிச்சு பாத்தாரு, ஒரு நிமிசம் கூட இருக்காது. அப்புறம் சம்பந்தமே இல்லாம "ராத்திரி எத்தன தடவ ஒண்ணுக்கு எந்திரிக்கறீங்க"ன்னாரு. மூணு நாலு தடவன்னேன். வெரல்ல குத்தி சுகர் பாத்தாங்க, 286. வேற ஏதாச்சும் மருந்து எடுக்கறீங்களான்னு கேட்டாரு, லேகியத்த சொன்னதும் சிரிப்ப அடக்க முடியாம சீட்ட பாத்து குனிஞ்சுட்டாரு.

அவரு சொன்னது இதுதான். சுகர் ஏறுனா யூரின்லயும் சர்க்கரை போகும், அது முன்தோலுக்கு அடில தங்கி ஈஸ்ட்டுன்னு ஒரு பூஞ்சைக்கு தீனியாகும், தோல் புண்ணாகி வெடிக்கும், சேரும்போது உராய்ஞ்சு பளிச்சுன்னு தெரியும். நெறய ஆம்பளைங்களுக்கு சுகர் இருக்கறதே இப்டித்தான் மொதல்ல தெரிய வருதாம். ஏற்கனவே சுகர் இருக்கறவங்களுக்கும், டாபாகிளிஃப்ளோசின் மாதிரி சர்க்கரைய யூரின்ல வெளியேத்தற மாத்திரை சாப்ட்டா இது வரலாமாம். என் ஸ்டீராய்டு கிரீம் அந்த பூஞ்சைக்கு விருந்து வச்ச மாதிரிதான்.

அதுக்காக டெஸ்ட்ட விடல. சிபிலிஸ்ங்கற பால்வினை நோய்க்கு விடிஆர்எல், அப்புறம் எச்ஐவி, ரெண்டு டெஸ்ட்டும் எடுத்தாங்க, எச்ஐவிக்கு சம்மதம் கேட்டுட்டுதான், 2017 சட்டப்படி கேக்கணும், ரிசல்ட்டயும் வெளிய சொல்லக் கூடாது. மூணு மாசத்துக்குள்ள நடந்ததுன்னா மறுபடி ஒரு தடவ டெஸ்ட் பண்ணனுமாம், எனக்கு அஞ்சு வருசம் ஆனதால ஒண்ணே போதும்னுட்டாங்க. ரெண்டும் நெகட்டிவ். வெளிய வந்து வேப்பமரத்தடில உக்காந்து அழுதேன், சொல்றதுக்கு வெக்கம் இல்ல. ஆனா எல்லாருக்கும் சுகராத்தான் இருக்கும்னு நெனச்சுறாதீங்க, வலியே இல்லாத புண்ணு வந்து தானா ஆறுனா கூட உடனே வாங்க, சிபிலிஸ் அப்டித்தான் ஆறுன மாதிரி ஏமாத்தும்னு அந்த அக்கா ரெண்டு தடவ சொன்னாங்க.

எனக்கு ஃப்ளூகோனசோல் 150 ஒரே ஒரு மாத்திரை, க்ளோட்ரிமசோல் கிரீம் ரெண்டு வாரம், சோப்பு வேண்டாம் வெறும் தண்ணி, கழுவிட்டு ஈரம் இல்லாம துடைக்கணும், ஆறுற வரைக்கும் சேரக் கூடாது. சுகருக்கு மெட்ஃபார்மின் அங்கயே வேற ரூம்ல. ஒய்ஃபயும் கூட்டிட்டு வரச் சொன்னாங்க, லேடி டாக்டர் பாத்து அவளுக்கும் பூஞ்சைதான்னு பச்சை கிட்டு குடுத்தாங்க. ஆறு வாரமா வெடிப்பு இல்ல.

கொறை இருக்கு. ஸ்க்ரீன் துணி ஒரு பக்கம் கிழிஞ்சு தொங்குது, பாத்ரூம்ல தண்ணி இல்ல, பன்னெண்டு மணிக்கு மேல டாக்டர் இருக்க மாட்டாரு. மருந்து தர்ற எடத்துல ஒருத்தரு "சுகவாழ்வு சீட்டு யாருது"ன்னு கத்துனாரு பாருங்க, அதுக்கு ஒரு ஸ்டார் கட். அஞ்சுக்கு நாலு. செலவு, வண்டி ஸ்டாண்டுக்கு பத்து ரூபா. லேகியம் டப்பா பாதி அப்டியே இருக்கு, 4,500 ரூபாயாச்சேன்னு ஒய்ஃப் தூக்கிப் போட விட மாட்டேங்கறா.