கடைசி ஆளுக்காக நிற்கும் சைக்கிள் கடை

ராமநாதபுரத்தில் நான் சைக்கிள் வாங்கிய கடையைப் பற்றியும், அந்தக் கடைக்காரர் ஞாயிற்றுக்கிழமைதோறும் கூட்டிப்போகும் சவாரியைப் பற்றியும் ரொம்ப நாளாக எழுத நினைத்திருந்தேன். பத்து மாதமாக நானும் என் கணவரும் போய்வருகிறோம், இனிமேல் தைரியமாகச் சொல்லலாம். கடைப் பெயரை மட்டும் போடவில்லை. "இருபது பேருக்கு மேல வந்தா ஒவ்வொருத்தரையும் பார்த்துக்க முடியாது டீச்சர்" என்று கடைக்கார பாய் கேட்டுக்கொண்டார். ஊரில் சைக்கிள் ஓட்டுகிற யாரைக் கேட்டாலும் வழி சொல்வார்கள்.

எனக்கு 46 வயது, அரசுப் பள்ளியில் கணக்கு டீச்சர். என் கணவருக்கு 51, மின்வாரியத்தில் வேலை. போன வருஷம் அவருக்குச் சர்க்கரை ஏறியது. டாக்டர் நடக்கச் சொன்னார், முழங்கால் ஒத்துழைக்கவில்லை. சைக்கிள் யோசனை என்னுடையது. நான் புதுக்கோட்டை மாவட்டத்துக்காரி. 1990களின் தொடக்கத்தில், எழுதப் படிக்கக் கற்றுக்கொடுத்து பெண்களைச் சைக்கிள் ஓட்டவும் வைத்த அறிவொளி இயக்கம் நடந்தபோது, எங்கள் அம்மா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, முப்பது வயதுக்கு மேல் சைக்கிள் பழகியதைப் பக்கத்தில் நின்று பார்த்தவள். இந்த வயதில் என்ன சைக்கிள் என்று கேட்ட சொந்தக்காரர்களிடம் அம்மாவைத்தான் சொன்னேன்.

முதல் சைக்கிள்களை இந்தக் கடையில் வாங்கவில்லை. வேறு ஊரில் ஒரு பெரிய கடையில் இரண்டு வாங்கி வந்தோம். என் உயரத்தை யாரும் கேட்கவில்லை. "லேடீஸ் மாடல் மேடம், இதான் போகுது" என்று ஒன்றைக் கொடுத்துவிட்டார்கள். மூன்று வாரத்தில் கழுத்தும் தோளும் பிடித்துக்கொண்டன. சைக்கிளே எனக்குச் சரிவராது என்று முடிவுகட்டும் நிலையில்தான் பாய் கடைக்குப் போனோம்.

பாய் என்னை சைக்கிளில் ஏற்றிச் சுவரோரமாக நிறுத்தினார். குதிகாலைப் பெடலில் வைக்கச் சொல்லி, பெடல் அடியில் இருக்கும்போது கால் நேராக நீளும் அளவுக்கு சீட்டை ஏற்றினார். அப்புறம் பாதத்தின் முன்பகுதியை வைத்து மிதிக்கச் சொன்னார். முழங்கால் லேசாக மடங்கி நின்றது, அதுதான் சரியான உயரமாம். பிறகு ஹேண்டிலைப் பிடிக்கச் சொன்னார். எனக்கு எட்டவில்லை, முழங்கை விறைத்துப்போய் நின்றது. "சீட்டை ஏத்தலாம், எறக்கலாம் டீச்சர். பிரேமே உங்களுக்கு நீளம். இதை வச்சு ஓட்டினா வலி போகாது" என்றார். அன்று அவர் எதையும் விற்கவில்லை. பழையதை அவரே ஓர் ஆளுக்கு விற்றுக் கொடுத்தார். சின்ன பிரேம் உள்ள ஹைபிரிட் சைக்கிள் ஒன்றை வரவழைத்து 17,500 ரூபாய்க்குக் கொடுத்தார். என் சீட் உயரத்துக்கு நேராக, சீட் கம்பியில் சிவப்பு நகப்பூச்சால் ஒரு கோடு போட்டார். சைக்கிளை யார் எடுத்து ஓட்டி சீட்டை மாற்றினாலும் நான் அந்தக் கோட்டுக்குத் திரும்பிவிடுவேன். கழுத்து வலி அதோடு போயிற்று.

என் கணவருடைய சைக்கிளை பாய் மாற்ற விடவில்லை. "உங்க உயரத்துக்கு இது போதும் சார், வீணா காசு போடாதீங்க" என்று, முரட்டுப் பட்டை போட்ட டயர்களை மட்டும் வழுவழுப்பான டயராக மாற்றினார். தார்ச் சாலையில் அந்த ஒரு மாற்றத்துக்கே அவ்வளவு வித்தியாசம்.

நம் ஊரில் சைக்கிள் ஓட்டுகிறவருக்கு முதல் எதிரி சீமைக்கருவேல முள். தேவிபட்டினம் சாலையில் வெட்டிப் போட்ட கிளையிலிருந்து ஒரு முள் போதும். பாய் டயருக்கும் டியூபுக்கும் நடுவில் ஒரு பிளாஸ்டிக் பட்டையை வைத்துக் கட்டிக் கொடுக்கிறார். அதற்குப் பிறகும் எனக்கு இரண்டு தடவை பஞ்சர் ஆகியிருக்கிறது. அப்போதுதான் ஒன்று கற்றுக்கொண்டேன். டியூபை மாற்றிவிட்டு உடனே டயரை மாட்டக் கூடாது. முள்ளின் நுனி உடைந்து டயருக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும், வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. பாய் மகன் ஒரு பழைய பனியன் துணியை எடுத்து டயரின் உட்புறம் முழுக்கச் சுற்றித் தடவிக்கொண்டே வந்தான். ஓர் இடத்தில் நூல் மாட்டியது. அங்கே நகத்தை வைத்து அழுத்தி, எள் அளவு கறுப்பு முனையைப் பின்னூசியால் நெம்பி எடுத்து என் உள்ளங்கையில் வைத்தான். விரலால் தடவினால் விரலில் ஏறும், அதனால்தான் துணி என்றான். அடுத்த முறை நானே செய்தேன், அரை மணி நேரம் ஆனது.

சரி, சவாரிக்கு வருகிறேன்.

இதற்கு முன் வேறொரு குழுவோடு ஒரே ஒரு முறை போனோம். கிளம்பிய பத்தாவது நிமிடத்தில் முன்னால் போனவர்களின் விளக்குகூடக் கண்ணில் படவில்லை. என் கணவருடைய டயர் பஞ்சராகி, இருட்டில் சாலையோரம் இரண்டு பேரும் முக்கால் மணி நேரம் நின்றோம். திரும்பி வந்து பார்க்க ஆள் இல்லை. அன்றைக்கு வந்த பயம் எனக்குப் பல வாரம் போகவில்லை.

இங்கே காலை 5.15க்குக் கடை வாசலில் கூட வேண்டும். பாய் ஒவ்வொரு சைக்கிளின் பிரேக்கையும் டயரையும் கையால் அழுத்திப் பார்க்கிறார். முன்விளக்கும் பின்விளக்கும் இல்லாவிட்டால் எவ்வளவு வேண்டியவராக இருந்தாலும் வீட்டுக்கு அனுப்பிவிடுவார். முன்னால் பாய், கடைசியில் அவர் மகன். மகனிடம் பம்ப்பும் டியூபும் பஞ்சர் சாமானும் இருக்கும். அன்றைக்கு யார் ரொம்ப மெதுவோ அவர்தான் பாய்க்கு நேர் பின்னால் வர வேண்டும். எனக்கு முதலில் கூச்சமாக இருந்தது. பிறகுதான் காரணம் புரிந்தது. முன்னால் போகிறவர் காற்றை வாங்கிக்கொள்வதால் அடுத்து வருபவருக்குப் பாதிச் சிரமம் குறைந்ததுபோல் இருக்கும். அதோடு வேகமும் மெதுவாக வருகிறவரின் வேகமாக அமைந்துவிடும். "குழி", "மாடு", "பின்னால பஸ்" என்று முன்னாலிருந்தும் பின்னாலிருந்தும் குரல் வந்துகொண்டே இருக்கும். ஒற்றை வரிசைதான், பக்கத்தில் பக்கத்தில் பேசிக்கொண்டு போகக் கூடாது. பேச்செல்லாம் டீக்கடையில்.

பாதையை முடிவு செய்வது காற்று. பாயின் மாமனார் வீட்டில் கடல் தொழில், அதனால் அவர் வாயில் வாடை, சோழகம், கச்சான் என்று காற்றுகளின் பெயரெல்லாம் சாதாரணமாக வரும். மார்கழி, தை மாதங்களில் வாடை வீசும்போது வடக்கே தேவிபட்டினம். போக வர சுமார் 30 கிலோமீட்டர். ஆனி, ஆடியில் சோழகம் அடிக்கும்போது தெற்கே திருப்புல்லாணி வழியாகச் சேதுக்கரை. போகும்போது உடம்பில் தெம்பு இருக்கையில் எதிர்க்காற்று, களைத்துத் திரும்பும்போது முதுகில் காற்று. தையில் தேவிபட்டினத்தில் நவபாஷாணக் கோயில் கடலோரம் டீயும் பருப்பு வடையும் சாப்பிட்டுவிட்டுத் திரும்பியபோது, பின்னாலிருந்து யாரோ கை வைத்துத் தள்ளுவதுபோல் சைக்கிள் தானாக ஓடியது. வீடு வந்த பிறகும் அவர் அதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

மாசியில் தனுஷ்கோடி போனோம். அதற்கு மட்டும் ஆளுக்கு 400 ரூபாய். குட்டியானை என்கிற சின்னச் சரக்கு வண்டியில் சைக்கிள்களை ஏற்றி மண்டபத்தில் இறக்கிவிட்டு, மறுபடி சாலை முடிகிற அரிச்சல்முனையிலிருந்து ஏற்றி வந்தார்கள்.

பாம்பன் பாலத்தைப் பஸ்ஸில் நூறு தடவையாவது கடந்திருப்பேன். 1988இல் திறந்த பாலம், இரண்டே கால் கிலோமீட்டருக்கு மேல் நீளம். கீழே கப்பல் போக வேண்டும் என்பதால் நடுவில் உயர்ந்திருப்பது பஸ்ஸில் தெரியாது, பெடலில் தெரிகிறது. ஏறுவதற்கு முன் பாய் எல்லாரையும் நிறுத்தி ஒன்று சொன்னார். "பஸ் பக்கத்துல வரும்போது காத்து திடீர்னு நிக்கும். கடந்ததும் பளார்னு அடிக்கும். ஹேண்டிலைத் திருப்பாதீங்க, இறுக்கியும் பிடிக்காதீங்க." அப்படியேதான் நடந்தது. முதல் பஸ் கடந்தபோது என் சைக்கிள் ஒரு முழம் நகர்ந்தது. சொல்லி வைத்திருந்ததால் பதறவில்லை. பாலத்தில் யாரும் இறங்கிப் படம் எடுக்கக் கூடாது என்பதிலும் கண்டிப்பாக இருந்தார், சுற்றுலா வண்டிகள் நிற்கிற இடத்தில் நாமும் நிற்கக் கூடாது என்று. ஆனாலும் ஓட்டிக்கொண்டே பக்கத்துப் புது ரயில் பாலத்தின் தூக்குப் பகுதியைப் பார்த்துவிட்டேன். பாலத்தை இறங்கியதும் எனக்கு அழுகை வந்தது. என் கணவர் ஒன்றும் கேட்காமல் தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தார்.

ராமேஸ்வரத்தில் இட்லி. முகுந்தராயர் சத்திரத்துக்கு அப்பால் சாலை நேராக நீள்கிறது. 2017இல் சாலை திறப்பதற்கு முன்பு இங்கே மணலில் வேன்தான். ஒரு பக்கம் பெண் கடல் அமைதியாக, இன்னொரு பக்கம் ஆண் கடல் இரைந்துகொண்டு. 1964 புயலில் போன சர்ச்சின் சுவர்களைத் தாண்டியபோது, இருபது பேரும் தானாகவே பேச்சை நிறுத்தினோம். சில இடங்களில் மணல் சாலையில் ஏறிக் கிடந்தது. ஓட்டினால் சறுக்கும், இறங்கித் தள்ள வேண்டும். அரிச்சல்முனையில் மெதுவாக வந்த ஒரு மூத்த தம்பதிக்காகக் காத்திருந்து, அவர்கள் வந்து தண்ணீர் குடித்து மூச்சு வாங்கிய பிறகுதான் வண்டியில் சைக்கிள் ஏற ஆரம்பித்தது.

அன்று மாலையே சைக்கிளை நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்துவிட வேண்டும். உப்புக்காற்றில் செயின் சீக்கிரம் துருப்பிடிக்கும். எண்ணெய் விட்டபின் வெளியே வழிவதைத் துணியால் நன்றாகத் துடைத்துவிடச் சொல்கிறார் பாய். எண்ணெய் செயினுக்குள்ளே இருக்க வேண்டும், மேலே இருந்தால் மணலைப் பிடித்துக்கொண்டு பல் சக்கரத்தைத் தின்றுவிடும்.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். பெண்களுக்கான அகலமான சீட் கேட்டு ஏழு வாரம் காத்திருந்தேன். சாமான் வருவதற்கு அவர் சொல்லும் தேதியை நம்ப முடியாது. மதிய நேரத்தில் போன் எடுக்கமாட்டார். சின்னத் தலைக்கு ஹெல்மெட் இருப்பு வைப்பதில்லை, நான் மதுரையில் வாங்கினேன். பெரிய குறை கழிப்பறை. வழியில் பெண்களுக்கு ஓர் இடம் வேண்டும் என்பதே முதல் மூன்று மாதம் யார் மனதிலும் இல்லை. நானும் இன்னொரு பெண்ணும் நேராகவே சொன்னோம். இப்போது தேவிபட்டினம் பாதையில் ஒரு வீட்டில் பேசி வைத்திருக்கிறார், திருப்புல்லாணியில் கோயில் பக்கம். கீழக்கரைப் பாதைக்கு இன்னும் ஏற்பாடு இல்லை. அதனால் அந்தப் பாதைக்கு மட்டும் நாங்கள் போவதில்லை. அந்த ஊர் இனிப்பான தொதல் வாங்கி வரச் சொல்லி மற்றவர்களிடம் காசு கொடுத்து அனுப்புகிறோம்.

ஞாயிறு சவாரிக்குக் கட்டணம் கிடையாது, டீச் செலவு அவரவர் பொறுப்பு. சர்வீஸுக்கு 350 ரூபாய் வாங்குகிறார், செயினைக் கழற்றி மண்ணெண்ணெயில் ஊறவைத்துக் கழுவித் தருவதும் அதில் சேர்த்தி. வேறு கடையில் வாங்கிய சைக்கிளோடும் போகலாம், முகம் சுளிக்கமாட்டார். முதல் தடவை போகிறவர்கள் சனிக்கிழமை மாலையே சைக்கிளைக் கொண்டுபோய்க் காட்டிவிடுங்கள். காலையில் போய் சீட்டை ஏற்று, இறக்கு என்றால் இருபது பேர் காத்து நிற்க வேண்டியிருக்கும்.